பெட்ரோல் மலிவான ஊரில் ஒரு மின்சாரக் கார்

பினாங்குத் தீவில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதையில் ஓட்டினால்தான் புரோட்டோன் இ.மாஸ் 7 எப்படிப்பட்ட வண்டி என்பது தெரியும். ஏற்றத்தில் முனகல் கிடையாது. மிதித்த மாத்திரத்தில் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. மழை ஈரத்தில் வலது காலுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். இறக்கத்தில் காலை எடுத்தால் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏறும்போது செலவானதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. பிரேக்கை அதிகம் தொடாமலே வளைவுகளைக் கடந்து கீழே வந்துவிடலாம். இந்தப் பாதையில் இவ்வளவு அமைதியான வண்டியை நான் ஓட்டியதில்லை.

ஜார்ஜ் டவுனுக்குள் நிலைமை வேறு. 4.6 மீட்டர் நீள வண்டி இது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு பக்கம் லாரி சாமான் இறக்கிக்கொண்டிருக்கும், மறுபக்கம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். நடுவே இதை ஓட்டிக்கொண்டு போவது சுகமான வேலையல்ல. கேமராக்கள் உதவுகின்றன, தெரு அகலமாவதில்லை. பினாங்குப் பாலத்தின் மாலை நெரிசலில் மட்டும் இதற்கு இணையில்லை: நின்றுகொண்டிருக்கும்போது செலவாவது ஏறக்குறைய ஏர்கானுக்குப் போகும் மின்சாரம்தான்.

2024 டிசம்பரில் வெளியானபோது, அறிமுகச் சலுகையைக் கழிக்காமல், பிரைம் ரகம் 109,800 வெள்ளி, பிரீமியம் ரகம் 123,800 வெள்ளி. பிரைமில் 49.52 யூனிட் பேட்டரி, பிரீமியத்தில் 60.22. யூனிட் என்றால் கிலோவாட் மணி. நம் மின்கட்டண ரசீதில் வரும் அதே அளவுதான். பிரீமியம் ஒரு முழுச் சார்ஜில் 410 கிலோமீட்டர் ஓடும் என்பது டபிள்யூஎல்டிபி சோதனைக் கணக்கு. அதாவது 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. தீவுக்குள் நிதானமாக ஓட்டினால் அதை ஒட்டியே வருகிறது. நெடுஞ்சாலையில் விரட்டினால் கூடும்.

இரண்டிலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. நிக்கலும் கோபால்ட்டும் இதில் இல்லை, அதனால் விலை குறைவு. எடைக்கு ஏற்ற மின்சாரம் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும், ஆனால் ஏற்றி இறக்குவதை நீண்ட காலம் தாங்கும். ஒரு பழக்கம் மட்டும் இதற்கு வேண்டும். இந்த வகை பேட்டரியின் மின்னழுத்தம் பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், மிச்சம் எவ்வளவு என்று கணிப்பது வண்டியின் கணினிக்குக் கடினம். அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்றினால்தான் திரையில் காட்டும் கணக்கு சரியாக இருக்கும்.

“பேட்டரி போனால் என்ன செய்வது?” இந்தக் காரைப் பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் வரை நிறுவன உத்தரவாதம் உண்டு. அதற்குப் பின்? புளூம்பெர்க் என்இஎஃப் 2025-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, உலகச் சராசரியாக பேட்டரித் தொகுப்பின் விலை யூனிட்டுக்கு 108 டாலர். 2010-இல் அது ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. பிரீமியத்தின் பேட்டரியை இந்தச் சராசரியில் பெருக்கினால் 27,000 வெள்ளியை ஒட்டி வருகிறது. இது தொழிற்சாலை வாங்கும் விலை. பட்டறையில் மாற்றும்போது கூடுதலாகத்தான் இருக்கும். இதைச் சரிபார்க்க இன்னொரு கணக்கும் கைவசம் இருக்கிறது. 2025 டிசம்பரில் பெரோடுவா தன் கியூவி-இ காரை பேட்டரி இல்லாமல் 80,000 வெள்ளிக்கு அறிமுகப்படுத்தி, 52.5 யூனிட் பேட்டரியை மாதம் 275 வெள்ளி வாடகைக்கு ஒன்பது ஆண்டுகளுக்குக் கொடுத்தது. வரி சேர்க்காமல் மொத்தம் 29,700 வெள்ளி. இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. பேட்டரியின் விலை இனி மர்மம் அல்ல.

  

அந்த 27,000 வெள்ளியை எரிபொருள் மிச்சம் ஈடுகட்டுமா? 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 மானியத் திட்டத்தில் மலேசியக் குடிமகனுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் சாதாரணக் காருக்கு ஆகும் செலவு 14 வெள்ளி. வீட்டு மின்சாரம் யூனிட் 44 காசு என்று வைத்துக்கொண்டால், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து இ.மாஸ் 7-க்கு ஏழு வெள்ளிக்குச் சற்று மேல் ஆகும். பாதிச் செலவு. உத்தரவாதம் தரும் 160,000 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தால் மிச்சம் ஏறக்குறைய பதினோராயிரம் வெள்ளி. எஞ்சின் ஆயில், ஃபில்டர் செலவு இல்லாததையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் பேட்டரியின் விலை வராது. பெட்ரோல் விலை அதிகமான நார்வேயில் பலிக்கும் கணக்கு இங்கே பலிக்காததற்குக் காரணம் பேட்டரி அல்ல, நம் மலிவான பெட்ரோல்.

இன்னும் கசப்பான கணக்கு வேகச் சார்ஜரில் இருக்கிறது. பொது இடத்தில் யூனிட் 1.30 வெள்ளி என்றால் 100 கிலோமீட்டருக்கு இருபது வெள்ளியை நெருங்கிவிடும். பெட்ரோல் காரைவிட அதிகம்! வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாத ஒருவர் சேமிப்புக்காக இதை வாங்கினால் ஏமாந்துபோவார்.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது ஹைப்ரிட். நெரிசலில் 4 லிட்டரில் 100 கிலோமீட்டர் ஓடும் ஹைப்ரிட்டுக்கு எட்டு வெள்ளி போதும். வீட்டில் சார்ஜ் செய்யும் மின்காருக்கு அடுத்தபடியாகவே வந்துவிடுகிறது. பேட்டரியும் சின்னது. 2011 முதல் 2013 வரை இறக்குமதி ஹைப்ரிட்டுகளுக்கு அரசு வரி விலக்குக் கொடுத்தபோது வந்த பிரியஸ் சி கார்கள் இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது 144 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, கொள்ளளவு ஒரு யூனிட்டுகூட இல்லை. பழையதை வாங்குபவர்கள் பின்சீட்டுக்கு அருகில் உள்ள காற்றுத் துவாரத்தைக் குனிந்து பாருங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. தூசு அடைத்திருந்தால் பேட்டரி வெந்துகொண்டே ஓடியிருக்கும். பழுதான ஒரு மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று பட்டறையில் சொன்னால் தயங்குங்கள்: மற்றவையும் அதே வயதுதான், வரிசையாகப் போகத் தொடங்கும்.

இ.மாஸ் 7-ஐ யாருக்குப் பரிந்துரைப்பேன்? போர்ச் உள்ள தரை வீட்டுக்காரருக்கு, தயக்கமின்றி. வீட்டின் சாதாரண மூன்று முனை பிளக்கிலேயே ஓர் இரவில் ஏறக்குறைய 20 யூனிட் ஏறும். அது 130 கிலோமீட்டர். தீவைச் சுற்றி வந்தாலும் நூறு ஆகாது. வயரிங்கை மட்டும் முதலில் மின்பணியாளரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் இந்தத் தீவில் பலர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அவர்களின் கார் நிறுத்துமிடத்தில் பிளக் இல்லை. போட வேண்டுமானால் கட்டட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், மீட்டர் யார் பெயரில் என்று முடிவாக வேண்டும். ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிர்வாக அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் ‘முடியாது’ என்றால் ஹைப்ரிட்டைப் பாருங்கள். கட்டட உரிமையாளர்களின் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று பிளக் கேளுங்கள்.