தன்னை எண்ணாத குரு: பரமார்த்த குரு கதையும் வேதியர் ஒழுக்கமும்



வீரமாமுனிவர் என்றதும் நம் குறிப்பேட்டில் என்ன இருக்கும்? இத்தாலி நாட்டவர், தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தந்தவர், எகர ஒகர எழுத்துகளைச் சீர்திருத்தியவர். அப்புறம், நகைச்சுவைக்குப் பரமார்த்த குரு கதை. வேதியர் ஒழுக்கம் என்ற பெயரும் பட்டியலின் கடைசியில் நிற்கும். அது யாருக்காக எழுதிய நூல் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். என்னைக் கேட்டால், இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பரமார்த்த குருவைப் படிப்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பேன்.

வேதியர் ஒழுக்கம் 1727இல் எழுதப்பட்ட உரைநடை நூல். அன்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஊர்கள் பல. குருக்களோ மிகச் சிலர். ஊர்தோறும் ஜெபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, ஞானஸ்நானத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தியவர்கள் உள்ளூர்த் தமிழர்கள்தான். உபதேசியார் என்று பின்னாளில் நாம் அழைத்த அந்த மனிதர்களுக்காகத்தான் முனிவர் இதை எழுதினார். நீங்கள் யார், எதற்காக அழைக்கப்பட்டீர்கள், எப்படி வாழ வேண்டும் என்று அவர்களைப் பார்த்தே பேசுகிற நூல் இது.

தலைப்பிலுள்ள சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பழந்தமிழில் வேதியர் என்றால் வேதம் ஓதும் அந்தணர். அந்தப் பெயரை எடுத்து ஒரு சாதாரண ஊர்க்காரருக்குச் சூட்டுகிறார் முனிவர். நேற்றுவரை உழுதோ நெய்தோ பிழைத்தவராகக்கூட அவர் இருக்கலாம். 'நீ வெறும் உதவியாள் இல்லை, வேதத்தைச் சுமப்பவன்' என்று அந்தப் பெயரே அவரிடம் சொல்லிவிடுகிறது. தன்னை ஒரு வழிகாட்டியாகப் பார்க்க ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை தலைப்பிலேயே தொடங்குகிறது. ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கையில் வழிகாட்டி என்பவர் அனுப்பப்பட்டவர். வழி அவருடையதன்று, அவரும் அதே வழியில் நடப்பவர்தான். முனிவர் சார்ந்த இயேசு சபையில் நாள்தோறும் தன் மனச்சாட்சியைத் தானே சோதிக்கும் பழக்கம் உண்டு. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த பயிற்சிகளில் அதுவும் ஒன்று. பிறரை அளப்பதற்கு முன்னால் தன்னை அளந்துகொள்ள வேண்டும்.

இப்போது பரமார்த்த குருவிடம் வருவோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடந்ததும் ஆளை எண்ணுகிறார்கள்; ஒருவர் குறைகிறார். எண்ணியவன் தன்னை விட்டுவிட்டான் என்பது நம் குழந்தைகளுக்கும் தெரிந்த சிரிப்பு. இங்கே படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், சீடனுங்க மட்டும் இல்லையே, குருவும்தானே எண்ணிப் பார்த்தாரு? அவரும் தன்னை விட்டுட்டாரே?" சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். சீடர்களை வரிசையாக நிறுத்தி இரண்டு மூன்று முறை எண்ணிய குருவுக்கும் ஐந்துதான் வருகிறது. வரிசையில் தானும் ஓர் ஆள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

குதிரைக் கதையிலும் இதேதான். விழுந்ததை எல்லாம் எடுங்கள் என்றால் சீடர்கள் சாணத்தையும் எடுக்கிறார்கள். சரி என்று, எவை எவை விழுந்தால் எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு அவரே குழியில் விழுகிறார். பட்டியலில் அவர் இல்லை! அதனால் பட்டியலில் உள்ள துணிமணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைக் குழியிலேயே விடுகிறார்கள். தன் பெயரையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள். நாம் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியது யார்? மாதிரி விடையை மனப்பாடம் செய்து, கேள்வி ஒரு சொல் மாறினாலும் திகைத்து நிற்கும் மாணவர்களை நினைத்துப் பாருங்கள். மாதிரி விடையை எழுதித் தந்தவர்கள் நாம்தானே.

பார்வையற்றவர் பார்வையற்றவரை நடத்திச் சென்றால் இருவரும் குழியில் விழுவார்கள் என்ற உவமை மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. முனிவர் அதை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் வேதியர்களுக்கு ஒழுக்கம் எழுதிய கைதான் இந்தக் குருவையும் எழுதியது. அங்கே நேராகச் சொன்னதை இங்கே தலைகீழாகப் பார்க்கிறோம் என்று வாசிப்பது பொருந்துகிறது.

இந்து மடங்களைக் கேலி செய்யவே இதை எழுதினார் என்போரும் உண்டு. அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. மடமும் சீடர்களும் கதையில் வெளிப்படையாகவே இருக்கின்றன. லுத்தரன் சபையினரைக் கண்டித்தும் அவர் எழுதியிருக்கிறார். அடிக்கத் தயங்குகிற பேனா இல்லை அது. ஆனாலும் கதைக்குள் எந்தக் கொள்கையும் விவாதிக்கப்படவில்லை. தன்னை விட்டு எண்ணும் முட்டாள்களின் கதை ஐரோப்பாவிலும் வழங்கி வந்தது. குரு கெட்டவரும் அல்ல. தன் நிலை தனக்கே தெரியாதவர், அவ்வளவுதான். கேலி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோனால், கேலி செய்தவரே ஒரு குரு என்பது விடுபட்டுப்போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். அதனால் முனிவரின் சமயத்தை ஒதுக்கிவிட்டு 'தமிழ்த்தொண்டு' என்ற தலைப்பில் மட்டும் அவரை நடத்துகிறோம். திருவாசகத்தைச் சிவனை நீக்கிவிட்டு நடத்துவோமா? நம்பிக்கையை ஏற்கச் சொல்லவில்லை. அது நூலுக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

மாணவர்களுக்கு: உரைநடை வளர்ச்சி பற்றிய கேள்வியில் இரண்டு நூல்களையும் சேர்த்தே எழுதுங்கள். வேதியர் ஒழுக்கத்துக்கு 1727 என்று குறிப்பிடலாம். பரமார்த்த குரு கதைக்கு 1822 என்று எழுதினால், அது பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சான ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முனிவர் மறைந்தது 1747இல்.