பெயர் தெரியாத மெட்டு

சினிமாப் பாட்டு மறந்துபோனால் ஒரு வார்த்தையாவது மிஞ்சும். அதை வைத்து யாரையாவது விசாரிக்கலாம். ரேடியோவில் நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டால் மீதி நிமிஷத்தை அடைக்க ஒரு வாத்திய இசைத் துண்டு போடுவார்களே, அதற்கு அறிவிப்பும் கிடையாது, முடிவும் கிடையாது. பல வருஷம் கழித்து அதைத் தேடுகிறவன் முனகிக் காட்ட வேண்டியதுதான். முனகலில் வயலின் போய்விடும், சுருதி போய்விடும். எஞ்சுவது ஏற்ற இறக்கம் மட்டுமே.

அது போதும் என்று கண்டவர் டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1948-ல் பார்லோவும் மார்கன்ஸ்டெர்னும் தொகுத்த, 10,000 மெட்டுக்கள் கொண்ட அகராதி ஸ்வரம் எழுதத் தெரிந்தவனுக்கே பயன்பட்டது. பார்சன்ஸ் 1975-ல் வெளியிட்டதில் ஸ்வரமே வேண்டாம். அடுத்த ஒலி ஏறுகிறதா, இறங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று வரிசையாகக் குறித்தால் போதும். ஆயிரக்கணக்கான மெட்டுக்கள் அதிலேயே தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. 2020-லிருந்து கூகிள், கைபேசியில் முனகினாலே பெயர் சொல்லப் பார்க்கிறது. சொன்ன பெயர் சரியாகவே இருந்தும், தேடியவன் பதிவைக் கேட்டுவிட்டு 'இது இல்லை' என்கிறான். மறந்த பாதியை இத்தனை நாளும் அவனே இட்டு நிரப்பி வந்திருக்கிறான்.

நம் சங்கீதத்தில் பார்சன்ஸின் முறை செல்லாது. தோடியின் காந்தாரம் எங்கே நிற்கிறது? அசைவே ஸ்வரமாக இருக்கும்போது ஏறியதா இறங்கியதா என்று கேட்பது அபத்தம். ஆனால் இதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. மெட்டைத் தேடும் சிரமத்தையே நாம் படுவதில்லை. 'என்ன ராகம்?' என்று கேட்டு, பதில் வந்ததும் திருப்தியாகிவிடுகிறோம். லெட்ஜரில் கணக்கின் தலைப்பை வாசித்துவிட்டு வரவு செலவைப் பார்த்தாகிவிட்டது என்று மூடி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

ஆல் இந்தியா ரேடியோவின் அடையாள இசையைப் பல தலைமுறைகள் விடியற்காலையில் கேட்டிருக்கின்றன. சிவரஞ்சனி என்று சொல்லி முடித்துக்கொண்டோம். செய்தவர் என்று பொதுவாக ஏற்கப்படுபவர் வால்டர் காஃப்மன். 1907-ல் கார்ல்ஸ்பாடில் பிறந்த யூதர். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்த மறு வருஷம், 1934-ல், பம்பாய்க்கு வந்தார். அங்கே வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவைக் கவனித்தார். பின்னால் அமெரிக்காவில் இருந்துகொண்டு வட இந்திய ராகங்கள் பற்றி 1968-லும் தென்னிந்திய ராகங்கள் பற்றி 1976-லும் நூல்கள் வெளியிட்டார்.

இது தெரிந்ததும் அந்த மெட்டில் அகதியின் துயரத்தைக் கேட்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. ராகத்தின் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஆளின் பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். தம்பூராவின் மேல் அந்த வயலின் ஸ்வரங்களைக் கிட்டத்தட்ட நேராகவே வைத்துச் செல்கிறது. சிவரஞ்சனி பாடுகிறவர் அப்படி வைக்க மாட்டார். இதைக் கேட்க வால்டர் காஃப்மனின் வாழ்க்கை வரலாறு தேவையில்லை. காது போதும். அதைத்தான் நாம் பயன்படுத்தவில்லை.

ப்ரூஸ்ட் இந்த விஷயத்தை 1913-ல் வெளிவந்த முதல் பாகத்திலேயே தொட்டிருக்கிறார். ஒரு விருந்தில் கேட்ட இசைத் துண்டின் பெயர் தெரியாமல் ஸ்வான் தவிக்கிறான். அடுத்த வருஷம் இன்னொரு வீட்டில் பியானோவில் அதுவே வருகிறது. விசாரிக்கிறான், வான்தேய் என்பவரின் ஸொனாட்டா என்று தெரிகிறது. பெயர் தெரியாதவரை அவனை எங்கெங்கோ இழுத்துச் சென்ற அந்தத் துண்டு, கொஞ்ச நாளில் ஒதெத் என்ற பெண்மேல் அவனுக்குள்ள காதலின் சின்னமாகக் குறுகிவிடுகிறது.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? நிஜத்தில் அது யாருடைய மெட்டு என்ற தேடல் ஆரம்பமாயிற்று. 1918-ல் ஒரு நண்பருக்குக் கொடுத்த பிரதியில் ப்ரூஸ்ட், ஓரிடத்தில் மனதில் இருந்தது ஸேன்-ஸான்ஸின் ஸொனாட்டா என்று எழுதினார். அவருடைய இசை தனக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே. மற்ற இடங்களுக்கு வாக்னர், ஃப்ராங்க், ஷூபெர்ட் என்று வேறு பெயர்கள். தேடிப் போகிறவன் எந்த இசைத்தட்டை வாங்குவான்?