மதிலும் மைக்கும்

"எட்டாப்பு வரைக்கும் சரி. இனிமே பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடம்னாத்தான் அனுப்புவேன்." திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பல அப்பாக்கள் சொல்லிவைத்தாற்போல் இதையே சொல்வார்கள். பெண்கள் பள்ளிக்கு ஆதரவாக ஆயிரம் வாதம் இருக்கலாம். ஊரில் செல்லுபடியாவது இந்த ஒன்றுதான். மதில் சுவரைக் காட்டித்தான் பல பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பே கிடைக்கிறது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்து, 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் அபூர்வம். பள்ளிக்கூடம் அபூர்வங்களுக்காகக் கட்டப்படுவதில்லை.

ஆனால் மார்க்கைக் காட்டிப் பெண்கள் பள்ளியைப் புகழ்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. பிளஸ் டூவில் ஆண்டுதோறும் மாணவிகள் முந்துவது இருபாலர் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு. 21 நாடுகளின் 184 ஆய்வுகளைத் திரட்டிய 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒழுங்காக ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் தனிப் பள்ளியின் ஆதாயம் அற்பம் என்றது. டிரினிடாடில் நடந்த ஆய்வில் இன்னும் வேடிக்கை. தனிப் பள்ளிதான் வேண்டும் என்று விரும்பிக் கேட்ட பெண்கள் பயனடைந்தார்கள், பெரும்பாலோருக்கு வித்தியாசமில்லை. பெண்கள் பள்ளி மாணவிகள் அறிவியல் பாடங்களை எடுத்ததோ குறைவு. நம்மூரிலும் தொழிற்பிரிவு என்றால் பையன்களுக்கு மெக்கானிக், பெண்கள் பள்ளியில் பெரும்பாலும் நர்சிங், தையல். யாரும் சட்டம் போடவில்லை. பிள்ளைகளுக்கு இது போதும் என்று பெரியவர்கள் நினைத்தது, அவ்வளவுதான்.

பிறகு எதற்குத்தான் பெண்கள் பள்ளி? சுதந்திர தினத்துக்கு முந்தின சாயங்காலம் அப்படி ஒரு பள்ளியை எட்டிப் பாருங்கள். கொடிக்கம்பத்தடியில் சுண்ணாம்பு அடிக்கிறவள் பெண். பெஞ்சை ஆளுக்கொரு முனை பிடித்து, முழங்காலில் இடிக்க இடிக்கத் தூக்கிப்போகிறவர்கள் பெண்கள். "அண்ணா, கடைசி வரிசைக்குக் கேக்கல, சவுண்டு ஏத்துங்க" என்று மைக் செட்டுக்காரரை விரட்டுகிறவளும் பெண்தான். இருபாலர் பள்ளியில் இந்த வேலை எப்படிப் பிரியும் என்று நமக்குத் தெரியும். பெஞ்ச் பையன்களுக்கு, கோலமும் சந்தனத் தட்டும் பிள்ளைகளுக்கு. இங்கே தள்ளிவிட ஆளில்லை. வகுப்புத் தலைவியும் அவளே, அணிவகுப்பில் ஆணையிடுகிறவளும் அவளே. மார்க் ஷீட்டில் வராத இந்தப் பாடத்துக்காகவே பெண்கள் பள்ளி வேண்டும் என்பேன்.

கோளாறு கேட்டுக்கு வெளியே தொடங்குகிறது. நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பைக்கைச் சாய்த்து நிற்கும் பையன்களுக்கு முன்னால், மைக் செட்டுக்காரரை விரட்டிய அதே பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். எதிர்த்துப் பேசும் பழக்கம் மதிலுக்குள் வளர்ந்தது, மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது. பையன்களோடு சேர்ந்து ஓர் அறிவியல் கண்காட்சி, ஒரு வினாடி வினா நடத்தக்கூட நம் பள்ளிகள் தயங்குகின்றன.

இந்த வட்டாரத்தில் இந்தத் தயக்கத்தின் விலை அதிகம். கல்லூரிக்குப் போகாத பிள்ளைக்கு அடுத்த வாசல் பெரும்பாலும் நூல் மில் அல்லது ஆடைக் கம்பெனி. மிஷினில் பெண்கள், சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் ஆண்கள். 2021-இல் இம்மாவட்டத்து ஆடைத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. அதன்படி, சீண்டலையும் வசவையும் கண்டால் புகார் எழுப்ப, தொழிலாளிப் பெண்களுக்கே தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி தரப்பட்டது. "இப்படிப் பேசாதீங்க சார்" என்று சொல்லும் பயிற்சி. அதை வேலைக்குப் போன பிறகு, அதுவும் ஓர் உயிர் போன பிறகு கற்றுத்தர வேண்டியிருந்தது.

மில்லுக்கு ஆள் எடுக்க வருகிற ஏஜென்ட் என்ன சொல்வார் தெரியுமா? "பயப்படாதீங்க அண்ணே. லேடீஸ் ஹாஸ்டல்தான், சுத்தி மதில் இருக்கு."

அப்பா தலையாட்டுகிறார்.