பெயர் ஒருவருக்கு, நெஞ்சம் மற்றொருவருக்கு

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ அருள்மொழிவர்மரின் பெயரைத் தாங்கியது. ஆயினும் முதல் அத்தியாயத்தில், வீரநாராயண ஏரிக்கரையில் நம்மை எதிர்கொள்பவன் வந்தியத்தேவனே.

அருள்மொழியின் உள்ளங்கையில் சங்கு சக்கர ரேகைகள். ஆற்றில் விழுந்த குழந்தையைப் பொன்னி நதியே ஏந்திக் காத்ததாக நாடு நம்புகிறது. அத்தகையவருக்காக நாம் அஞ்சுவதில்லை. வந்தியத்தேவனோ வாய்த்துடுக்கால் வம்பை விலைக்கு வாங்குபவன். பொய்யும் சரளமாய்ச் சொல்வான். (அப்பொய்களை நாம் ரசித்ததை மறைப்பானேன்?) ஆதித்த கரிகாலனைக் காக்கச் சென்றும் கடம்பூரில் காக்க இயலாமல், கொலைப்பழி சுமந்து சிறையில் கிடக்கிறான். அங்கேதான் அவன் நமக்கு உறவாகிறான்.

குறையற்றவராய்ப் படைக்கப்பட்ட அருள்மொழியும், கைக்கெட்டிய மணிமுடியை உத்தம சோழருக்குச் சூட்டும் கட்டத்தில்தான் நம்மை உலுக்குகிறார். அவருடைய வீரச்செயல்கள் அனைத்தினும் அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.