கல்லாவில் ஒரு குரல்

‘அன்எக்ஸ்பெக்டட் ஐட்டம் இன் த பேக்கிங் ஏரியா.’ பிரிட்டனில் சில வருடங்கள் இருந்தவர்கள் யாரும் இந்தக் குரலை மறந்திருக்க மாட்டார்கள். பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத பொருள். நாமே பார்கோடைக் காட்டி, நாமே பில் போட்டு, நாமே பணம் கட்டும் செல்ஃப் செக்அவுட் இயந்திரம் பேசுவது அது. அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்திலும் வினைச்சொல் கிடையாது. யார் வைத்தார்கள், இனி என்ன செய்ய வேண்டும், எதுவும் அதில் இல்லை. ஆனாலும் நம்மைத்தான் சொல்கிறது என்று உடனே உறைக்கும், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும்தான்.

பை வைக்கும் அந்தத் தட்டு ஒரு தராசு. ஒவ்வொரு பொருளின் எடையும் கணினியில் இருக்கும். ஸ்கேன் செய்த பொருளின் எடையும் தட்டில் ஏறிய எடையும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் நின்றுவிடும். குழந்தை கையை ஊன்றினாலும் நிற்கும். 2015 அக்டோபரில் இங்கிலாந்தின் பெரிய கடைகள் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் வாங்க ஆரம்பித்ததும் நாங்களெல்லாம் வீட்டிலிருந்தே துணிப்பை எடுத்துப் போனோம். கொண்டுவரச் சொன்ன பையையே தராசு சந்தேகப்பட்டது. அதே ஆண்டு டெஸ்கோ என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் அந்தப் பெண் குரலை எடுத்துவிட்டு, கொஞ்சம் இதமாகப் பேசும் ஆண் குரலை வைத்தது. குரல் மாறினாலும் தராசு அதே தராசுதான்.

இருந்தும் இந்த இயந்திரத்தை வெறும் தொல்லை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நாட்டிங்ஹாமுக்கு வந்த புதிதில் கல்லாவில் இருந்த பெண்மணி ‘எனி கேஷ்பேக்?’ என்று கேட்டார். பில்லோடு சேர்த்து அட்டையிலிருந்து ரொக்கமும் எடுத்துக்கொள்ளும் வசதி இங்கே உண்டு. அது தெரியாமல் ‘யெஸ்’ என்றேன். ‘எவ்வளவு?’ என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்ற அந்த அரை நிமிடம் பல மாதங்கள் என்னை ஆளுள்ள கல்லாப் பக்கம் போகவிடவில்லை. எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது இயந்திரம். திக்கிப் பேசுகிறவர்களுக்கும், பத்து நிமிட இடைவேளையில் ஒரு சாண்ட்விச் வாங்க ஓடிவரும் செவிலியருக்கும் அது பெரிய உதவி. வேல்ஸில் வெல்ஷ் மொழியில் பேசும் இயந்திரங்களும் இருக்கின்றன. கல்லாவில் இருப்பவருக்கு வெல்ஷ் தெரியுமோ தெரியாதோ என்று தயங்க வேண்டியதில்லை.

ஆனால் கல்லாவில் ஒரு மொழி இருந்தது. யார்க்ஷயரில் ‘லவ்’, நாட்டிங்ஹாமில் ‘டக்’, நியூகாஸிலில் ‘பெட்’, கிளாஸ்கோவில் ‘ஹென்’. முன்பின் தெரியாதவரை நாம் அண்ணே, அக்கா என்பதுபோல இவர்கள் இப்படிக் கூப்பிடுகிறார்கள். எந்த ஊரில் நிற்கிறோம் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். இயந்திரத்துக்கு ஊர் கிடையாது.

இதைவிட எனக்கு வலிப்பது சந்தேகம். பில் போடும் வேலையை நம் தலையில் கட்டியவர்கள், கூடவே திருடனோ என்ற பார்வையையும் கட்டினார்கள். திருட்டு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. குற்றவியல் ஆய்வாளர் எமலின் டெய்லர் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். வேறெங்கும் திருடத் துணியாதவர்கள்கூட இயந்திரத்தின் முன் விலையுயர்ந்த பழத்தைக் கேரட் என்று போட்டுவிடுகிறார்கள். ஆள் முகம் பார்த்துச் செய்யக் கூசுவதை இயந்திரத்திடம் செய்யக் கூச்சமில்லை. அதற்கு மருந்தாகச் சில கடைகள் வெளியே போகும் வழியில் தானியங்கிக் கதவு வைத்திருக்கின்றன. ரசீதைக் காட்டினால்தான் திறக்கும். எட்டு இயந்திரங்களுக்கு ஒருவராக நிற்கும் ஊழியர் பாதி நேரம் காவலாளிதான். மது வாங்குபவரின் வயதைப் பார்க்கவும் அவர்தான் ஓட வேண்டும், இயந்திரம் நின்றால் எரியும் சிவப்பு விளக்கை அணைக்கவும் அவர்தான் ஓட வேண்டும். இயந்திரத்தின் மேல் எழும் கோபத்தை வாங்கிக்கொள்பவரும் அவரே.

மாற்ற முடியாத ஏற்பாடு ஒன்றுமில்லை இது. வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றிலிருந்து இந்த இயந்திரங்களை எடுத்துவிடுவதாக 2023-இல் அறிவித்தது. எனக்கு அவ்வளவு வேண்டாம். 2017-இல் ஸ்காட்லாந்தின் ஃபாரெஸ் ஊரில் டெஸ்கோ கடை ஒன்று, மெதுவாகப் பொருள் எடுத்துவைப்பவர்களுக்கென்றே ஆளுள்ள ஒரு கல்லாவை ஒதுக்கியது. மறதி நோய் உள்ளவர்களும் அவசரமில்லாமல் நிற்கலாம். இயந்திரம் இருக்கட்டும், ஆளுள்ள கல்லா ஒன்றாவது கடை மூடும்வரை திறந்திருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

போன குளிர்காலத்தில் ஒரு மாலை, எங்கள் பகுதிக் கடையில், விலை குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டிய ரொட்டியோடு ஒரு முதியவர் நின்றார். ஆளுள்ள கல்லாக்களில் விளக்கு அணைந்திருந்தது. எல்லா இயந்திரத்திலும் ‘அட்டை மட்டும்’. தோல் பர்ஸைத் திறந்து சில்லறையை உள்ளங்கையில் கொட்டி வைத்திருந்தார், யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல். இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் வந்தாள். ‘கொடு, டக்’ என்று ரொட்டியையும் காசையும் வாங்கிக்கொண்டு சிகரெட் விற்கும் கவுண்டர்வரை நடந்துபோய், பில்லோடு திரும்பி வந்து, மிச்சக் காசை ஒவ்வொன்றாக எண்ணி அவர் கையில் வைத்தாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் மூன்று இயந்திரங்களில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.