கூரை முதலில், சோலார் பிறகு

வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது மாத்தளைப் பக்கத்தில் பழகிப்போன வழி. மிளகு விற்ற பணத்தில் ஓர் அறை எழும்பும், சீட்டு விழுந்தால் தரைக்குச் சீமெந்து. அந்தோனியார் திருத்தலத்தால் நாடறிந்த வஹகோட்டையும் இதற்கு விலக்கல்ல. ஆகவே பழைய வீடுகளின் ஆற்றல் செலவைக் கட்டங்கட்டமாகக் குறைக்கும் திட்டத்தை இங்கே யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கட்டம் பிரிப்பது நம் கையிருப்புக்குப் பொருந்தும் வழிதான். எந்தக் கட்டம் முதலில் என்பதில்தான் தவறுகிறோம். ஒரு வேலை அடுத்த வேலையின் வழியை மறித்துவிடுமா என்று பாராமல், கடன் எதற்குக் கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்கிவிடுகிறோம்.

2016 செப்டம்பரில் இலங்கை அரசு தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமம்’ என்ற திட்டம் கூரைச் சோலாரை ஊர்களுக்குள் கொண்டுவந்தது. உபரி மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபாய், பிறகு 15.50 ரூபாய் என 20 ஆண்டு ஒப்பந்தம் அப்போது வழங்கப்பட்டது. 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இதற்கென 5 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. திட்டத்தின் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் 20 ஆண்டு நிற்க வேண்டிய பலகை, அதற்குள் மாற்றியே ஆகவேண்டிய அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் ஏறுகிறது. தாங்கிகளைப் பூட்டச் சீற்றைத் துளைக்கும்போது பறக்கும் வெண்தூளில் அஸ்பெஸ்டஸ் இழை இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போவது. நாளைக்குச் சீற் வெடித்து மழை ஒழுகினால் பலகையைக் கழற்றி, கூரையை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்த அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடான ரஷ்யா நம் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டதும் அந்த முடிவு கைவிடப்பட்டது. அந்தச் சீற்றுகள் இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன.

கூரையை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இந்த ஊரின் வெயிலே காரணம். ஏப்ரல் முற்பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கிறது. சுவரை விடக் கூரைதான் வெயிலை வாங்குகிறது. சீலிங் இல்லாத வீட்டில் கறுத்துப்போன சீற்றின் சூடு நேராகக் கட்டிலில் இறங்கும். கொங்கிறீட் தட்டோ பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் விடும். வெள்ளைப் பூச்சு, சீற்றுக்கு அடியில் அலுமினியத் தாள், மேற்குச் சுவருக்கு நிழல், சூடான காற்று வெளியேற மேலே திறப்பு. இவை முடிந்த வீட்டில் ஏசி தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டாலும் சிறியது போதும். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009இல் அறிவித்த புதுப்பிப்பும் இந்தக் கணக்கில்தான் நடந்தது. 6,514 ஜன்னல்களை முதலில் செப்பனிட்டார்கள். அதனால் குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக்கும் செலவு மிச்சமானது. தேவையைக் குறைத்த பிறகே கருவியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

சோலார் பலகையே கூரைக்கு நிழல்தானே என்று கேட்பார்கள். உண்மை, ஆனால் அது மூடும் பரப்புக்கு மட்டும். மாதம் அறுபது அலகு எரிக்கும் வீட்டில் கூரை வேலையால் பில் எவ்வளவு குறையும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. அதிகம் குறையாது. அங்கே கிடைப்பது பிள்ளைகளும் முதியவர்களும் உறங்கக்கூடிய இரவு. அதை ரூபாயில் மட்டும் அளப்பது நியாயமில்லை. 2022 ஆகஸ்டில் சுமார் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியதைப் பார்த்த பிறகு, ஏசி வாங்காமல் தப்பிய வீடு எவ்வளவு மிச்சம் பிடித்தது என்பதும் விளங்கும். கட்டங்கட்டமான வேலைக்கு மொத்தச் செலவு கூடும் என்ற குறையை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். சாரம் இரண்டு முறை, மேசன் கூலி இரண்டு முறை. முழுத் திட்டமும் முதல் நாளே ஒரு தாளில் இருந்தால் அந்த இழப்பைப் பாதியாவது தடுக்கலாம். ஜெர்மனி 2017 முதல் வீட்டுக்கு வீடு இப்படியொரு வழிவரைபடத்தை ஊக்குவிக்கிறது. ஆனால் அது குளிரை வெளியே நிறுத்த எழுதப்பட்டது. காற்றுப் புகாமல் வீட்டை அடைக்கும் அதன் முறையை அப்படியே இங்கு இறக்கினால் வஹகோட்டை வீடு அடுப்பாகிவிடும். நமக்கான தாளில் முதல் வரி கூரை, கடைசி வரி சோலார். சோலார்க் கடன் விண்ணப்பத்தோடு கூரையின் வயதையும் பொருளையும் சொல்லும் ஒரு பக்க அறிக்கையை வங்கி கேட்கலாம்; கூரை மாற்றும் செலவையும் அதே கடனில் சேர்க்கலாம்.