கொட்டை எழுத்தும் குறுகிய பலகையும்

கடைப்பலகையின் எழுத்தை ஓர் இலக்கியப் பத்திரிகை விமர்சிக்க வேண்டுமா என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நூல் வாங்கிப் படிக்க வசதியற்றவனும் நாள்தோறும் படிக்கின்ற ஏடு தெருவேயாகும். அந்த ஏட்டில் தமிழ் எந்நிலையில் இருக்கின்றது என்று பார்ப்பது நமது கடமைக்குப் புறம்பானதன்று.

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும் மும்மொழிப் பலகைகளைக் காண்கிறோம். ஆங்கிலம் தடித்து, ஒடுங்கி, நிமிர்ந்து நிற்கின்றது. தமிழோ பல பலகைகளில் இரு புறமும் நெருக்குண்டு, மூச்சுத் திணறி, ஓர் ஓரத்தில் கிடக்கின்றது. கடைக்காரர் தமிழராயிருந்தும் இதே கதிதான். ஆகவே பழி முழுவதையும் அரசாங்கத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

அடியிலும் நுனியிலும் குறுக்குக் கோடில்லாத அந்த ஒடுங்கிய கொட்டை எழுத்து, ஆங்கிலத்தில் வாணிபத்தின் குழந்தை. 1816இல் லண்டனில் கேஸ்லன் வார்ப்பகத்தின் மாதிரி ஏட்டில் குறுக்குக் கோடற்ற அச்செழுத்து முதன்முதல் தோன்றியது. பின்னர் வந்த சுவரொட்டி வாணிபம் அதனைத் தடிக்கவும் ஒடுங்கவும் செய்தது. 1965இல் ஜெப்ரி லீ வரைந்து ஷெபீல்ட் நகரின் ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனம் வெளியிட்ட ‘இம்பாக்ட்’ இன்று கணினி தோறும் கிடக்கின்றது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரமானவை. பெரும்பாலும் நிமிர்கோடுகளால் ஆனவை. நெருங்கி நின்றாலும் அவை அடையாளம் இழப்பதில்லை.

தமிழின் இயல்பு வேறு. கொட்டாஞ்சேனை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 8 எழுத்துகளில் அது முடிந்துவிடும். தமிழில் கொம்பும் அரவும் ஐகாரக் குறியும் சேர 11 உருக்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவற்றுள் ஞகரமும் னகரமும் அகன்ற உடம்பு படைத்தவை. (பழைய வடிவில் ‘னை’யின் குறி துதிக்கைபோல் மேலேறி எழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தம் அதனைத் தனியே பிரித்தது. அச்சுக் கோப்பவருக்கு அது பேருதவி. பலகைக்கோ இன்னும் ஓர் உருவின் அகலம் கூடிற்று.)

பலகைக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. எனவே கணினியின் முன் இருப்பவர் தமிழைப் பிடித்து இரு பக்கமும் அமுக்குகின்றார். அமுக்கியதும் நிமிர்கோடுகள் மெலிந்துவிடுகின்றன. கிடைக்கோடுகள் முன்போலவே தடித்திருக்கின்றன. மெலிவை மறைக்க மேலும் தடிப்பு ஏற்றுகின்றார். சுழிகள் அடைபடுகின்றன. ணகரமும் னகரமும் ஒன்றாகின்றன. புள்ளி மறைந்து மெய் உயிர்மெய்யாகிவிடுகின்றது. தகரத்தின் உட்சுழி அடைபட்டால் நகரம் வெகுதூரத்தில் இல்லை. அப்போது ‘தாய்’ என்னவாகும் என்பதை நாம் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

கையால் பலகை எழுதிய ஓவியத் தொழிலாளி இவ்வாறு செய்யவில்லை. இடம் குறைந்தால் எழுத்தை உயர்த்தினான். சுழியைச் சிறிதாக்கி அதனுள் வெளிச்சம் விட்டான். வாலை அடிக்குள் மடக்கினான். ஒடுக்கம் என்பது அவனுக்கு வரைதல்; எந்திரத்துக்கு அது நசுக்கல்.

அந்த அறிவு எழுத்துருக் கலைஞர்களிடம் மீண்டும் தலைகாட்டுவது மகிழ்ச்சிக்குரியது. மும்பையின் ‘ஏக் டைப்’ 2022இல் வெளியிட்ட ‘அநேக்’ குடும்பத்தில் தமிழ், ஒடுக்கம் முதல் அகலம் வரை உள்ளிருந்தே வரையப்பட்டுள்ளது. எனினும் அங்கே ஒன்பது இந்திய எழுத்து முறைகள் உண்டு, சிங்களம் இல்லை. கொழும்புப் பலகைக்கு அது பாதித் தீர்வே. ‘நோட்டோ’வில் மூன்றுக்கும் ஒடுங்கிய தடித்த வடிவம் உண்டு. ஆனால் அது அடக்கமாக வாசிக்கக் கற்ற எழுத்து, முகப்பில் நின்று கூவ அதற்கு வராது.

கொழும்பின் ‘மூனியாக்’ கலைஞர்கள் ‘போஸ்ட் நோ பில்ஸ்’ என்ற எழுத்துருவை எவரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு தந்தனர். சுவரொட்டி ஒட்டாதே என்று வெட்டுத் தகடு வைத்து எழுதும் பாணி அது. சிங்களத்தையும் தமிழையும் ஒரே கையின் வீரியத்தோடு அமைத்திருப்பதைப் பாராட்டுகிறோம். ஆயினும் சிங்கள வடிவுக்குக் ‘கொழும்பு’ என்றும் தமிழ் வடிவுக்கு ‘யாழ்ப்பாணம்’ என்றும் பெயர். பெயரிட்டவர் நெஞ்சில் தீங்கில்லை என்றே நம்புகிறோம். ஆனால் 1930 முதல் ‘வீரகேசரி’யும் 1932 முதல் ‘தினகரனு’ம் அச்சேறிய நகரம், 1942இல் தமிழ்ச் சங்கம் கண்ட நகரம், தமிழெழுத்துக்கு அயலூரா?

இக்கேள்வியை மிகையென்று ஒதுக்க வேண்டாம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958இல் இந்நகரிலேயே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலகைகள் கடைகளோடு எரிந்தன. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. இத்தனையும் கடந்து பலகைக்குத் திரும்பிய எழுத்தைத்தான் இன்று நாமே நசுக்கி ஓரத்தில் வைக்கிறோம்.

பலகை அமைப்போர் ஆங்கிலத்தை முதலில் நிறுத்திவிட்டு, மிஞ்சிய இடத்துக்கு ஏனையவற்றை அளவெடுக்கின்றனர். கொட்டாஞ்சேனை என்னும் 11 உருக்களை முதலில் நிறுத்தி அளந்து பார்க்கட்டும். ஆங்கிலத்தின் 8 எழுத்துகளும் மீதியிடத்தில் ஒரு குறையுமின்றி நின்றுகொள்ளும்.